ஒத்திக்குப் போன பிள்ளை: குழந்தை உழைப்பின் கணக்கு, எளிய விளக்கம்

எட்டாம் வகுப்பில் என் பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒருவன், முழுப்பரீட்சை லீவு முடிந்து பள்ளிக்கூடம் திறந்தபோது வரவில்லை. "முறுக்குக் கம்பெனிக்குப் போயிட்டான்" என்றார்கள். மதுரைக்கு மேற்கே உசிலம்பட்டிப் பக்கம் இந்தச் சொல்லுக்கு யாரும் விளக்கம் கேட்க மாட்டார்கள். மகாராஷ்டிரத்திலோ குஜராத்திலோ ஆந்திராவிலோ ஏதோ ஓர் ஊரில், ஒரு கொட்டகைக்குள் மாவு பிசைவது, முறுக்கு சுடுவது, பாக்கெட் போடுவது, கடை கடையாகக் கொண்டுபோய்க் கொடுப்பது. அடுத்த பொங்கலுக்கு அவன் ஊருக்கு வந்தான். புதுச்சட்டை, கையில் வாட்ச். நாங்கள் எல்லாரும் பொறாமைப்பட்டோம், அதையும் சொல்லிவிடுகிறேன். வாட்ச் கட்டிய கையில் எண்ணெய் தெறித்த தழும்புகள் இருந்தன. அதை யாரும் விசாரிக்கவில்லை.

அவன் ஏன் போனான் என்று ஊரில் பத்துப் பேரைக் கேட்டால் ஒன்பது பேர் "வறுமைதான், வேற என்ன" என்பார்கள். மிச்சமுள்ள ஒருவர், "படிப்பு ஏறல, தொழிலாவது கத்துக்கட்டும்னு அனுப்பிட்டாங்க" என்பார். இரண்டிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஆனால் அவன் தெருவிலேயே அவன் வீட்டைவிட ஏழைப்பட்ட வீடுகள் இருந்தன. அந்த வீட்டுப் பையன்கள் எங்களோடு ஒன்பதாவது படித்தார்கள். அப்படியென்றால் இவன் மட்டும் ஏன்? "வறுமை" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டால் இந்தக் கேள்விக்குப் பதில் கிடைக்காது. வறுமைக்கும் ஒரு பிள்ளை வேலைக்குப் போவதற்கும் நடுவில் சில பல்சக்கரங்கள் சுற்றுகின்றன. அவற்றை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்ப்போம்.

## வீட்டுக்கு உதவுவதெல்லாம் குழந்தை உழைப்பா?

இல்லை. இந்த இடத்திலேயே பாதிப் பேச்சு குழம்பிவிடுகிறது. "நாங்கள்லாம் சின்ன வயசுல மாடு மேய்க்கலையா, பூப்பறிக்கலையா" என்று ஒருவர் ஆரம்பிப்பார். அவர் சொல்வது உண்மைதான். ஆனால் அவர் பேசுவது வேறு விஷயம்.

மல்லிகைப் பூப்பறிப்பதையே எடுத்துக்கொள்ளுங்கள். சனிக்கிழமை காலையில் அம்மாவோடு தோட்டத்துக்குப் போய் ஒரு மணிநேரம் பூப்பறித்துவிட்டு விளையாடப் போகிறாள் ஒரு சிறுமி. இன்னொருத்தி தினமும் விடியற்காலை நாலு மணிக்கு டார்ச் வெளிச்சத்தில் பறிக்க ஆரம்பித்து, எட்டரைக்குப் பள்ளிக்கூடம் வந்து, இரண்டாவது பீரியடில் தூங்கி விழுகிறாள். இருவரும் பறிப்பது ஒரே பூதான். இரண்டாவதாகச் சொன்னதுதான் குழந்தை உழைப்பு. உலகத் தொழிலாளர் அமைப்பு தரும் விளக்கத்தைச் சுருக்கினால் இப்படி வரும்: பிள்ளையின் உடலையோ மனத்தையோ கெடுக்கிற, அல்லது படிப்பைப் பறிக்கிற வேலைக்குப் பெயர் குழந்தை உழைப்பு. சம்பளம் உண்டா இல்லையா என்பதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

இன்னொரு குழப்பம். குழந்தைத் தொழிலாளி என்றதும் நம் கண்ணுக்கு வருவது டீக்கடைப் பையனும் மெக்கானிக் ஷெட்டும். உண்மையில் உலகம் முழுவதும் பெரும்பங்கு வயலில்தான் இருக்கிறது. உலகத் தொழிலாளர் அமைப்பும் யுனிசெஃபும் சேர்ந்து போட்ட 2024ஆம் ஆண்டுக் கணக்கின்படி 13 கோடியே 80 லட்சம் பிள்ளைகள் இப்படி உழைக்கிறார்கள். அவர்களில் 61 சதவீதம் பேர் விவசாயத்திலும் கால்நடை, மீன்பிடிப்பு போன்ற வேலைகளிலும் இருக்கிறார்கள். இந்தியாவில் 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 5 முதல் 14 வயதுக்குள் வேலை செய்தவர்கள் ஒரு கோடிக்குச் சற்று மேல்.

அப்புறம் வீட்டு வேலை. "அவ வீட்டுல சும்மாதான் இருக்கா" என்று சொல்லப்படும் பெண்பிள்ளை தம்பியைத் தூக்கி, தண்ணீர் பிடித்து, சமைத்து, பாத்திரம் கழுவி முடிக்கும்போது பொழுது போய்விடும். கணக்கெடுப்பவர் வந்து கேட்டால் "வேலை இல்லை" என்று எழுதிக்கொண்டு போவார். வாரத்துக்கு 21 மணிநேரத்துக்குமேல் வீட்டு வேலை செய்யும் பிள்ளைகளைத் தனியாக எண்ணிப் பார்க்கும் முறை இப்போது வந்திருக்கிறது. அப்படி எண்ணினால் பெண்பிள்ளைகளின் எண்ணிக்கை விறுவிறுவென்று ஏறுகிறது.

ஆக, என்ன வேலை என்பதைவிட எவ்வளவு நேரம், எவ்வளவு ஆபத்து, எதை இழந்து என்பதே கேள்வி.

## விதைநெல்

இப்போது பெற்றோர் பக்கம். பிள்ளையை வேலைக்கு அனுப்புகிறவர்களுக்குப் படிப்பின் அருமை தெரியவில்லை என்று ஒரு நம்பிக்கை உண்டு. அதனால்தான் கல்வியின் பெருமையைச் சொல்லும் சுவரெழுத்துகள், ஊர்வலங்கள், உறுதிமொழிகள்.

விதைநெல்லைக் குத்திச் சோறாக்கக் கூடாது என்று விவசாய வீட்டில் யாரும் யாருக்கும் பாடம் நடத்துவதில்லை. எல்லாருக்கும் தெரியும். அப்படியும் பஞ்ச காலத்தில் விதைநெல் உலைக்குப் போயிருக்கிறது. தின்றவர்கள் முட்டாள்கள் அல்ல. அடுத்த போகம் ஆறு மாதம் கழித்து; பசி இன்று ராத்திரி. பிள்ளையின் படிப்பும் விதைநெல்தான். இருபது வயதில் விளையப்போகிறது. வீட்டில் உலை வைக்க இன்றைக்கு அரிசி வேண்டும்.

இதிலிருந்து ஒரு விஷயம் புரியும். வீட்டைக் கவிழ்ப்பது வழக்கமான வறுமையைவிடத் திடீர் அடிதான். பொருளியலில் இதை "அதிர்ச்சி" என்பார்கள்: வருமானத்தைச் சட்டென்று அறுத்துவிடும் ஒரு நிகழ்வு. அப்பாவுக்கு விபத்து, அம்மாவுக்கு ஆபரேஷன், மழை பொய்ப்பது, புயல். 2018 நவம்பரில் கஜா புயல் டெல்டாவைப் புரட்டிப் போட்டபின், கூரை போன ஒரு குடும்பம் பத்து வயது மகனை ஆடு மேய்க்க விட்டு முன்பணம் வாங்கிய செய்தி வந்தது. புயலுக்கு முந்தின மாதமும் அந்தக் குடும்பம் ஏழைதான். ஆனால் பையன் வீட்டில் இருந்தான்.

என் வகுப்புத் தோழன் கதையும் இதுதான் என்று பல வருடம் கழித்துத் தெரிந்தது. அவன் அப்பா கிணறு வெட்டும் வேலையில் கால் ஒடிந்து படுத்திருந்தார். அதே தெருவில் அவர்களைவிடக் கஷ்டப்பட்ட வீடுகளுக்கு அந்த வருடம் அப்படி எதுவும் நடக்கவில்லை. அவ்வளவுதான் வித்தியாசம்.

எதிர்ப்பக்கமும் இது உண்மையாகிறது. வியட்நாமில் 1993க்கும் 1998க்கும் இடையே அரிசி விலை ஏறியது. நெல் விளைவிக்கும் சிறு விவசாயக் குடும்பங்கள் கையில் காசு புழங்கியது. நெல் விலை ஏறினால் வயலில் வேலை கூடும், பிள்ளைகளையும் இறக்குவார்கள் என்றுதானே தோன்றும்? நடந்தது நேர்மாறு. பிள்ளைகள் வேலையிலிருந்து விலகினார்கள். மூச்சு விட இடம் கிடைத்ததும் பெற்றோர் முதலில் செய்த காரியங்களில் அது ஒன்று.

ஒரு விதிவிலக்கு இருக்கிறது, அதை மறைக்கக் கூடாது. பாகிஸ்தானிலும் கானாவிலும் கிராமங்களை ஆராய்ந்தபோது, நிலமே இல்லாத வீட்டுப் பெண்பிள்ளைகளைவிடக் கொஞ்சம் நிலம் உள்ள வீட்டுப் பெண்பிள்ளைகள் அதிகம் உழைத்தது தெரிந்தது. கூலிக்கு ஆள் கிடைக்காத இடத்தில் சொந்த நிலமே பிள்ளையை இழுத்துக்கொள்கிறது. நம்மூரில் தறி வைத்திருக்கும் வீட்டுக்கும் சின்னக் கடை வைத்திருக்கும் வீட்டுக்கும் இது புதிதாக இருக்காது.

## குழாயில் மோட்டார் வைத்த தெரு

அடுத்த சக்கரம் கொஞ்சம் சிக்கலானது. வறுமையால் பிள்ளை வேலைக்குப் போகிறது என்று பார்த்தோம். பிள்ளை வேலைக்குப் போவதால் வறுமை எப்படி வருகிறது?

குடிநீர்க் குழாயில் மோட்டார் வைத்து உறிஞ்சும் தெருவை நினைத்துப் பாருங்கள். முதலில் யாரும் வைக்கவில்லை, தண்ணீர் மெதுவாக எல்லா வீட்டுக்கும் வந்தது. ஒரு வீட்டில் வைத்தார்கள். பக்கத்து வீட்டில் வரத்து குறைந்தது, அவர்களும் வைத்தார்கள். கடைசியில் தெரு முழுக்க மோட்டார். எல்லாரும் கரண்ட் பில் கட்டுகிறார்கள், யாருக்கும் முன்பைவிட ஒரு குடம்கூட அதிகம் வரவில்லை. சரி, இது தப்பு என்று ஒருவர் மட்டும் மோட்டாரைக் கழற்றினால்? அவர் வீட்டுக்குச் சொட்டுத் தண்ணீர் வராது.

பிள்ளைகளின் உழைப்பும் இப்படித்தான் ஒரு தெருவை, ஒரு ஊரை, ஒரு தொழிலைப் பிடிக்கிறது. பெரியவர் செய்யும் வேலையைக் குறைந்த கூலிக்குப் பிள்ளை செய்யும் என்றால் பெரியவரின் கூலி இறங்கும். கூலி இறங்கினால் ஒருவர் சம்பாத்தியத்தில் வீடு நடக்காது. வீடு நடக்கவில்லையென்றால் இன்னொரு வீட்டுப் பிள்ளையும் வேலைக்கு வரும். கூலி இன்னும் இறங்கும்.

கௌசிக் பாசு, பாம் ஹோவாங் வான் என்ற இரண்டு பொருளியலாளர்கள் 1998இல் இதைக் கணக்காக எழுதிக் காட்டினார்கள். அவர்கள் எடுத்துக்கொண்ட அனுமானங்கள் இரண்டே இரண்டு. ஒன்று, பெரியவர்களின் வருமானத்தில் வயிறு நிரம்பினால் பெற்றோர் பிள்ளையை வேலைக்கு அனுப்ப மாட்டார்கள். இரண்டு, பெரியவர் செய்யும் வேலையைப் பிள்ளையும், அளவில் குறைவாகவேனும், செய்ய முடியும். இந்த இரண்டிலிருந்தும் ஒரு விசித்திரமான முடிவு வந்தது. அதே ஊர், அதே ஆட்கள், அதே தொழில், ஆனால் அது இரண்டு விதமாக நிலைகொள்ளலாம். பிள்ளைகள் உழைக்க, பெரியவர் கூலி தாழ்ந்து கிடப்பது ஒரு நிலை. பிள்ளைகள் யாருமே உழைக்காமல், ஆள் தட்டுப்பாட்டால் பெரியவர் கூலி உயர்ந்து நிற்பது மற்றொன்று. இப்படித் தானாக நகராமல் தங்கிவிடும் ஒவ்வொரு நிலைக்கும் பொருளியலில் "சமநிலை" என்று பெயர்.

மோட்டார்த் தெருவும் சமநிலைதான்; மோசமான சமநிலை. அதிலிருந்து ஒரு வீடு தனியாக வெளியே வர முடியாது. எல்லாரும் ஒரே நாளில் கழற்றினால் முடியும். தனித்தனிப் பெற்றோருக்குப் புத்தி சொல்வது ஏன் அவ்வளவாகப் பலிப்பதில்லை என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் எனக்குக் கிடைக்கவில்லை.

உருப்படிக் கணக்கில் கூலி தரும் தொழில்களில் இது பளிச்சென்று தெரியும். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு, ஆயிரம் செங்கல்லுக்கு இவ்வளவு, ஒரு குரோஸ் தீப்பெட்டிக்கு, அதாவது 144 பெட்டிக்கு, இவ்வளவு என்று கூலி. ஒரு பெண் தனியாக உட்கார்ந்து பீடி சுற்றினால் கட்டுப்படியாகாத ரேட் அது. மகள் பக்கத்தில் உட்கார்ந்து முனை மடக்கிக் கொடுத்தால் ஏதோ கட்டுப்படியாகும். கணக்குப் புத்தகத்தில் அம்மா பெயர் மட்டும் இருக்கும். "எங்ககிட்டே ஒரு பிள்ளையும் வேலை செய்யலையே" என்று கம்பெனி சொல்லும். ரேட்டைப் போட்டவர்களுக்கு அந்த ரேட்டுக்குள் எத்தனை கைகள் இருக்கின்றன என்று தெரியாமலா போகும்!

இதுவரை பார்த்ததைச் சேர்த்து வைத்துக்கொள்வோம். திடீர் அடி ஒரு வீட்டின் பிள்ளையை வெளியே தள்ளுகிறது. பல வீட்டுப் பிள்ளைகள் வெளியே வரும்போது எல்லாருடைய கூலியும் தாழ்கிறது. தாழ்ந்த கூலி, அடுத்த அடியைத் தாங்க முடியாத வீடுகளை உண்டாக்குகிறது.

## பிஞ்சு விரல் கதை

கம்பள முடிச்சும் பட்டுக் கரையும் பிஞ்சு விரல்களுக்குத்தான் வரும், பெரியவர்களால் முடியாது என்று ஒரு பேச்சு பல காலம் ஓடியது. வடக்கே கம்பளத் தொழிலில் 1990களில் உலகத் தொழிலாளர் அமைப்புக்காக இதை அளந்தே பார்த்தார்கள். நுணுக்கமான கம்பளங்களில் பிள்ளைகளுக்குத் தனித்திறமை எதுவும் இருப்பதாகத் தெரியவில்லை; பெரியவர்களும் அதே வேலையைச் செய்துகொண்டிருந்தார்கள். காஞ்சிபுரத்தில் உடலையும் கரையையும் தனித்தனியாக நெய்து கோக்கும் கோர்வைப் புடவைக்குக் கரைப்பக்கம் உட்கார்ந்து நாடா தள்ள ஓர் உதவியாள் வேண்டும். அந்த இடத்தில் நெடுங்காலம் பிள்ளைகள் உட்கார்ந்தார்கள். இன்று பெரியவர்கள் உட்கார்கிறார்கள், கோர்வைப் புடவை இன்னும் வருகிறது. முதலாளிக்குப் பிடித்தது பிள்ளையின் விரல் அல்ல. எதிர்த்துப் பேசாத வாய், எழுந்து போகாத கால்.

## ஒத்தி

இனி, இந்தக் கட்டுரையை நான் எழுதவே காரணமான பகுதிக்கு வருகிறேன்.

வீட்டை ஒத்திக்கு விடுவது என்றால் நம்மூரில் எல்லாருக்கும் தெரியும். சென்னைப் பக்கம் போகியம் என்பார்கள். பணம் தேவைப்படும் ஒருவர் இரண்டு லட்சம் வாங்கிக்கொண்டு வீட்டைக் கொடுக்கிறார். பணம் கொடுத்தவர் வாடகை இல்லாமல் குடியிருக்கிறார். வட்டி கிடையாது, வாடகையும் கிடையாது. மூன்று வருடம் கழித்து அதே இரண்டு லட்சத்தைத் திருப்பிக் கொடுத்தால்தான் வீடு திரும்பக் கிடைக்கும். இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று: அவர் அந்த வீட்டில் எத்தனை வருடம் குடியிருந்தாலும் அசலில் ஒரு ரூபாய்கூடக் குறையாது. குடியிருப்பது வட்டிக்குச் சரி.

வீட்டுக்குப் பதில் அங்கே ஒரு பிள்ளையை வைத்துப் பாருங்கள்.

வேலூர்ப் பக்கத்தில் பீடிக்கும், காஞ்சிபுரத்தில் தறிக்கும், டெல்டாவில் ஆட்டுக்கிடைக்கும், தெற்கே முறுக்குக் கம்பெனிக்கும் முன்பணம் என்ற பெயரில் நடந்தது பெரும்பாலும் இதுதான். கணக்குக்காக ஓர் உதாரணம் போடுவோம். வீட்டில் முப்பதாயிரம் ரூபாய் அவசரம். ஏஜென்ட் கொண்டுவந்து கொடுக்கிறார். பையன் போகிறான். அவனுக்கென்று பேசிய சம்பளத்தில் சாப்பாடு, துணி, பஸ் காசு, காய்ச்சலுக்குப் போட்ட ஊசி எல்லாம் கழியும். மிச்சம் வருவது வீட்டுச் செலவுக்கே போய்விடும். வருடம் முடியும்போது முப்பதாயிரம் அப்படியே நிற்கும். சில சமயம் முப்பத்தைந்தாக ஆகியிருக்கும், இடையில் தங்கச்சி சடங்குக்கு ஐந்து வாங்கியிருப்பார்கள். பையன் பொங்கலுக்கு வந்தால் திரும்பிப் போயே ஆக வேண்டும். அவன் உழைப்பு வட்டிக்குச் சரி.

இதற்குப் பெயர் கொத்தடிமை முறை: கடனுக்கு ஈடாக ஓர் ஆளின் உழைப்பையே பிடித்து வைத்துக்கொள்வது. சங்கிலி வேண்டாம், அடி வேண்டாம், ஒரு நோட்டுப் புத்தகம் போதும். அதுவும் ஏஜென்ட்டிடம் இருக்கும்.

இது புதிய கண்டுபிடிப்பு அல்ல. வெள்ளைக்காரன் காலத்தில், 1931இல் அறிக்கை தந்த தொழிலாளர் ஆணையம் அடமானம் வைக்கப்பட்ட பிள்ளைகளைப் பற்றி எழுதியது. அதன்பின் 1933இல் பிள்ளைகளின் உழைப்பை அடமானம் வைப்பதற்கு எதிராக ஒரு சட்டம் வந்தது. அடமானம் வைக்கும் பெற்றோருக்கு ஐம்பது ரூபாய் வரை அபராதம், வாங்கி வேலையில் வைப்பவருக்கு இருநூறு வரை. 1976இல் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் வந்தது. அதன்படி இந்தக் கடனே செல்லாது. திருப்பிக் கட்ட வேண்டியதில்லை. மீட்கப்படும் பல குடும்பங்களுக்கு முதலில் நம்ப முடியாத செய்தி இதுதான். வாங்கின காசைத் திருப்பித் தராமல் இருப்பது மானக்கேடு என்று நினைக்கும் மக்கள் அவர்கள். அந்த நேர்மைதான் ஏஜென்ட்டுக்கு முதல்.

இதையே தலைகீழாகச் செய்ததும் உண்டு. கோவை, திருப்பூர், திண்டுக்கல் பக்கத்து நூற்பாலைகளில் "சுமங்கலித் திட்டம்" என்று ஒன்று ஓடியது. வயதுக்கு வந்த பெண்பிள்ளைகள் மில் விடுதியில் தங்கி மூன்று வருடம் வேலை செய்தால் முடிவில் கல்யாணச் செலவுக்கு மொத்தமாக ஒரு தொகை. இங்கே முன்பணம் இல்லை, பின்பணம். இரண்டே முக்கால் வருடத்தில் உடம்புக்கு முடியாமல் ஊருக்குப் போனவளுக்கு அந்தத் தொகை கிடைக்காமல் போகலாம். முன்பணம் பின்னாலிருந்து பிடித்து நிறுத்தும், பின்பணம் முன்னாலிருந்து இழுக்கும். பெயருக்குச் சுமங்கலி என்று வைத்தவரின் மூளையை மெச்சத்தான் வேண்டும்.

## சட்டம் போட்டால் முடிந்துவிடாதா?

சட்டம் வேண்டும். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் எந்தச் சக்கரத்தை நிறுத்துகிறது என்று பார்க்காமல் போட்ட சட்டம் வேறு சக்கரத்தைச் சுற்றிவிடும்.

1986இல் இந்தியாவில் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்தது. குறிப்பிட்ட ஆபத்தான தொழில்களில் பதினான்கு வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களை வைக்கக் கூடாது. பின்னாளில் அதன் விளைவைத் தேசிய அளவிலான தரவுகளில் தேடிப் பார்த்த பொருளியலாளர்கள் மூவர், எதிர்பாராத ஒன்றைக் கண்டார்கள். தடைக்குப் பின் பிள்ளைகளின் கூலி இன்னும் குறைந்தது; ஏழைக் குடும்பங்களில் வேலை செய்யும் பிள்ளைகள் கூடினார்கள். காரணம் எளிது. பிடிபட்டால் அபராதம் என்றதும் முதலாளி அந்த அபாயத்தைக் கூலியில் கழித்துக்கொண்டார். வீட்டுக்கு வந்த காசு குறைந்தது. குறைந்த காசை ஈடுகட்ட இன்னொரு பிள்ளையும் போனது.

வங்கதேசத்தில் நடந்தது இதைவிட வேகம். குழந்தைகள் செய்த பொருட்களை இறக்குமதி செய்யக் கூடாது என்று 1992இல் அமெரிக்காவில் ஒரு மசோதா வந்தது. அது சட்டமாகக்கூட ஆகவில்லை. பயந்துபோன ஆயத்த ஆடை ஆலைகள் ஆயிரக்கணக்கில் பிள்ளைகளை வெளியேற்றின. சுமார் ஐம்பதாயிரம் பேர் என்று யுனிசெஃப் சொன்னது. பள்ளிக்கூடம் போனார்களா? பலர் கல்லுடைக்கவும் தெருவில் விற்கவும் வீட்டு வேலைக்கும் போனார்கள். தையல் மெஷினைவிட மோசமான இடங்களுக்கு. 1995இல்தான் ஆலை முதலாளிகள் சங்கமும் உலகத் தொழிலாளர் அமைப்பும் யுனிசெஃபும் உட்கார்ந்து ஓர் ஒப்பந்தம் போட்டார்கள்: முதலில் பள்ளி, மாதம் ஓர் உதவித்தொகை, அப்புறம் வெளியேற்றம். வரிசையை மாற்றினார்கள், அவ்வளவுதான். அதை முதலிலேயே செய்திருக்கலாம்.

நம்மூரில் இந்த வரிசையைப் புரிந்துகொண்ட ஓர் ஆவணம் 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றத்திலிருந்து வந்தது. சிவகாசியை முன்வைத்து வழக்கறிஞர் எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கின் தீர்ப்பு. ஆபத்தான தொழிலில் ஒரு பிள்ளையை வைத்தால் முதலாளி இருபதாயிரம் ரூபாய் கட்ட வேண்டும் என்றது. எனக்கு முக்கியமாகப் படுவது அதற்கு அடுத்த பகுதி. பிள்ளையை வெளியே எடுத்தால் அந்த வீட்டுப் பெரியவர் ஒருவருக்கு வேலை தேடித்தர வேண்டும்; முடியாவிட்டால் அரசு அந்தப் பிள்ளையின் பெயரில் ஐந்தாயிரம் ரூபாய் போட வேண்டும். மேலே சொன்ன கூலிக் கணக்கு அப்படியே அதில் இருக்கிறது. நடைமுறையில் அது எவ்வளவு நடந்தது என்று கேட்டால் பெருமைப்பட அதிகமில்லை.

2016இல் சட்டம் திருத்தப்பட்டது. இப்போது பதினான்கு வயதுக்குக் கீழே எந்தத் தொழிலிலும் பிள்ளைகளை வைக்கக் கூடாது. பதினெட்டு வரை ஆபத்தான தொழிலில் கூடாது. நல்லது. ஆனால் பள்ளி நேரம் போக, குடும்பத் தொழிலில் உதவலாம் என்று ஒரு கதவு திறந்தே இருக்கிறது. உருப்படிக் கணக்கில் அம்மா பெயரில் மட்டும் எழுதப்படும் புத்தகத்தை நினைவில் வைத்துக்கொண்டு அந்தக் கதவைப் பாருங்கள்.

## எது பலித்தது?

தீப்பெட்டி, பட்டாசுத் தொழில் நடக்கும் சிவகாசி, சாத்தூர்ப் பக்கத்தில் 1980களில் விடியுமுன்பே கம்பெனிப் பஸ் கிராமத்துக்கு வரும். பிள்ளைகள் அரைத்தூக்கத்தில் ஏறுவார்கள். மரச்சட்டத்தில் தீக்குச்சி அடுக்குவது, பெட்டி ஒட்டுவது, லேபிள் போடுவது. இன்று அந்தக் காட்சி அந்த அளவில் இல்லை. இதற்கு ஒற்றைக் காரணம் சொல்ல யார் வந்தாலும் நம்பாதீர்கள். மெஷின் வந்தது. வழக்கு நடந்தது. 1988இலிருந்து வேலையை விட்டு வந்த பிள்ளைகளுக்கென்று தனிப்பள்ளிகள் நடந்தன. பெரியவர்களுக்கு வேறு வேலைகளும் வேறு கூலிகளும் வந்தன. கூடவே சோறு.

சோற்றை நாம் போதுமான அளவுக்குக் கணக்கில் எடுப்பதில்லை. காமராஜர் 1956இல் மதிய உணவைத் தொடங்கினார், எம்.ஜி.ஆர். 1982இல் அதைச் சத்துணவாக விரித்தார், 2022இல் காலை உணவும் சேர்ந்தது. பள்ளியில் போடும் ஒரு வேளைச் சாப்பாடு, பிள்ளைக்குக் கொடுத்த சோறு என்பதோடு நிற்கவில்லை. வீட்டு உலையிலிருந்து ஒரு வாய் குறைகிறது. விதைநெல்லைத் தின்னாமல் இருக்க வீட்டுக்குக் கொடுத்த நெல் அது. பிரேசிலும் மெக்சிகோவும் 1990களில் இதையே பணமாகக் கொடுத்துப் பார்த்தன: பிள்ளை பள்ளிக்கு வந்தால் அம்மா கையில் ஒரு தொகை.

ஆந்திரத்தில், இன்றைய தெலுங்கானாவின் ரங்காரெட்டி மாவட்டத்தில், சாந்தா சின்ஹாவின் எம்.வி. அறக்கட்டளை 1990களில் வேறு வழியில் போனது. பள்ளியில் இல்லாத ஒவ்வொரு பிள்ளையும் குழந்தைத் தொழிலாளிதான், ஆபத்தான வேலை ஆபத்தில்லாத வேலை என்ற பேச்சே வேண்டாம் என்றார்கள். ஒரு வீட்டைப் பிடிக்காமல் ஊரைப் பிடித்தார்கள். விட்டுப்போன பாடத்தை முகாம்களில் சில மாதம் நடத்தி, வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்தார்கள். மோட்டாரைத் தெருவே சேர்ந்து கழற்றுவது என்றால் இதுதான்.

ஒரு ஓட்டை இன்னும் அடைபடவில்லை. இலவசக் கட்டாயக் கல்விச் சட்டம் ஆறிலிருந்து பதினான்கு வயது வரை. வேலைக்கு வைக்கக் கூடாது என்ற முழுத்தடையும் பதினான்கு வரை. இரண்டும் ஒரே பிறந்தநாளில் கையை விடுகின்றன. என் வகுப்புத் தோழன் காணாமல் போனதும் ஏறக்குறைய அந்த வயதில்தான்.

அவனைப் போன வருடம் ஒரு கல்யாணத்தில் பார்த்தேன். சரக்கு வண்டி ஓட்டுகிறான். இரண்டாவது பந்திக்குக் காத்திருந்த நேரத்தில் அவனே சொன்னான். அவனுக்கு டெங்குக் காய்ச்சல் வந்து இருபது நாள் வண்டி ஓடாமல் கிடந்தபோது, பழைய ஏஜென்ட்டின் மகன் வீடு தேடி வந்திருக்கிறான். என் தோழனின் பையன் அப்போது ஒன்பதாவது.

"அவங்கப்பாவாச்சும் அரட்டி உருட்டிப் பேசுவாரு. இவன் ரொம்பத் தன்மையாப் பேசுறான், அம்பதாயிரம் ரெடியா இருக்குண்ணேங்கிறான்."

"நீ என்ன சொன்ன?"

"என்னத்தச் சொல்ல. ரேசன் அரிசி இருந்துச்சு. அவளுக்கு நூறுநாள் வேலைக் காசு பாக்கி ரெண்டு வாரத்துக்கு ஏறியிருந்துச்சு. பெரியாசுபத்திரியில காசு வாங்கல. அடுத்த மாசம் வாங்கன்னு சொல்லிட்டேன்."

"அடுத்த மாசம் வந்தானா?"

"வந்தான். நான் வண்டியில இருந்தேன்."